சிப்பாங் போகும் வழியில் ஒரு பழைய காடி



தலைப்பைப் பார்த்ததும், "தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் பந்தயத் திடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாய்ப்பாடும் வாசிப்பும் சொல்லித் தருபவன் நான். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று பலகை சொன்னால் நான் 90-இல் போகிறவன். பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடித்தே அலுத்துப் போவார்கள். அப்படிப்பட்டவன் சென்ற பள்ளி விடுமுறையில் சிப்பாங் பந்தயத் திடலில், கையில் ஒரு டயர் காற்றளவுமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நான் அங்கே போன காரணம் சிரிப்பதற்குரியதல்ல.

என் அக்காள் மகனுக்கு வயது 22. காப்பார் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பகலில் தங்கமான பிள்ளை. சனிக்கிழமை இரவு வந்துவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு பெரிய சாலைக்குப் போய்விடுவான். மாட் ரெம்பிட் என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அதேதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அவனுக்கு முன்னால் போன அவன் நண்பன் நின்றிருந்த லாரியில் மோதி அங்கேயே இறந்தான். அந்தப் பிள்ளை என்னிடம் 6-ஆம் ஆண்டு படித்தவன். சவ ஊர்வலத்தில் நடந்தபோது அவனுடைய கையெழுத்துதான் என் கண்முன் வந்தது. நல்ல முத்தான கையெழுத்து.

அதற்குப் பிறகு மருமகன் ஆறு மாதம் வண்டியைத் தொடவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தொட்டான். ஒரு நாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "மாமா, வேகம் எனக்குள்ள இருக்கு. அத நான் என்ன பண்றது?" என்று கேட்டான். திட்டியிருக்கலாம். திட்டினால் கேட்கிற பிள்ளையாக இருந்தால் அந்த லாரியைப் பார்த்த அன்றே கேட்டிருப்பான். யோசித்துச் சொன்னேன்: "வேகமா ஓட்டுறதுக்குன்னே ஒரு எடம் இருக்கு. எதிர வண்டி வராது, லாரி நிக்காது, ஆம்புலன்ஸ் காத்துக்கிட்டு இருக்கும். ஓட்டுறதா இருந்தா அங்க ஓட்டு."

அக்காள் கேட்ட கேள்வி

பந்தயத் திடல்களில் பொதுமக்கள் பணம் கட்டித் தங்கள் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் உண்டு. அது போட்டியல்ல, பரிசும் கிடையாது. முறைப்படி தலைக்கவசம் அணிந்து, விதிகளைக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திடலைச் சுற்றி வரலாம். அதற்கு ஒரு மலிவான பழைய காடி வேண்டும். மருமகன் சேர்த்து வைத்திருந்தது 5000 வெள்ளி. மீதி 3000 வெள்ளியை அக்காள் கொடுத்தாள். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த சேமநிதிப் பணம் அது. கொடுக்கும்போது என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"தம்பி, ஒன்ன நம்பித்தான் குடுக்கிறேன். ஆனா, நீயே அவனுக்கு வேகத்தக் கத்துக் குடுக்கிறியா?"

பதில் சொல்லத் தெரியாமல் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முதல் அந்தக் கேள்வி என்னோடுதான் பயணம் செய்தது.

பணத்தைப் பங்கு போடுங்கள்

பழைய காடி வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுவது. நாங்கள் 8000 வெள்ளியை மூன்றாகப் பிரித்தோம். வண்டிக்கு 4500, பழுது பார்க்கவும் டயர், பிரேக் மாற்றவும் 2500, தலைக்கவசத்துக்கும் திடல் கட்டணத்துக்கும் 1000. பழைய வண்டி எதுவானாலும் வீட்டுக்கு வந்த முதல் மாதமே பணம் கேட்கும். கேட்கும்போது கொடுக்க முடியாதவன் அதை ஓட்டக் கூடாது.

எந்த வண்டி என்பது அடுத்த கேள்வி. இளைஞர்களின் கண் பெரிய இயந்திரத்தின் மேல்தான் போகும். புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. வண்டிக்கு 1.8 லிட்டர் இயந்திரம். அதைச் சேகரிப்போர் தேடித் தேடி வாங்குவதால் விலை எங்கோ போய்விட்டது. புதிதாகக் கற்பவனுக்கு அது தேவையும் இல்லை. வண்டி கனமாகவும் வேகமாகவும் இருந்தால் டயர், பிரேக், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் செலவு கூடும். சிறிய, எடை குறைந்த, கைக்கியர் வண்டிதான் நல்ல ஆசிரியர். நேர்ச் சாலையில் அது உங்களைப் பறக்க விடாது. வளைவில் கவனமாக ஓட்டத்தான் சொல்லித் தரும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி, வளைவில் வேகம் மிஞ்சினால் பெரும்பாலும் முன்பக்கம் அகன்றுதான் போகும். பதறாமல் காலை மெல்லத் தளர்த்தினால் சொன்ன பேச்சுக்குத் திரும்பி வரும்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் 660 சி.சி. இயந்திரம் இன்றும் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடுகிறது. கெலிசா இருக்கிறது, 2005-இல் வந்த மைவி இருக்கிறது, புரோட்டோனின் சாகா, வீரா, சத்ரியா இருக்கின்றன. அன்றைய புரோட்டோன் வண்டிகள் மிட்சுபிஷி அமைப்பைக் கொண்டவை. உதிரிப் பாகம் சிறு பட்டணத்திலும் கிடைக்கும். பழைய வண்டி வாங்குவோர்க்கு இது பெரிய காரியம். பாகம் கிடைக்காத வண்டி, எவ்வளவு மலிவானாலும், கடைசியில் கொல்லையில் கோழிக் கூடாகத்தான் நிற்கும்.

கிள்ளானில் கண்ட பளபளப்பு

ஒரு சனிக்கிழமை காலை ஜெராம், காப்பார் வழியாகக் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். தெங்கு கிளானா சாலையில் பசியாறிவிட்டு, மருமகன் கையில் ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்தேன். "எந்த வண்டியையும் மனசால பார்க்காதே. மார்க் போட்டுப் பாரு" என்றேன். உடலும் சட்டமும் 30, இயந்திரம் 25, அடிப்பக்கமும் பிரேக்கும் 20, கியரும் கிளட்சும் 15, பத்திரம் 10. ஆக 100. பத்திரம் பொருந்தாவிட்டால் மொத்தமும் பூஜ்யம்.

முதலில் பார்த்த கஞ்சில் வண்டிக்கு 48 மார்க். அடித்தட்டில் கம்பளத்தை விலக்கினால் தரை தெரிந்தது, துரு அவ்வளவு. அடுத்துப் பார்த்த மைவி நல்ல வண்டிதான். விலை எங்கள் எல்லையைத் தாண்டியது. மூன்றாவது ஒரு சிவப்பு வீரா. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. மருமகன் அதைவிட்டு நகரவில்லை.

"ஒரே ஓனர் சார். ஒரு டீச்சரம்மா ஸ்கூலுக்கு மட்டும் ஓட்டுன காடி" என்றார் விற்பவர். ஆசிரியர்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். முன்மட்கார்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலையில் சாயம் உரிந்திருந்தது. அப்படியென்றால் மட்கார்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இடக் கதவின் இடைவெளி மேலே விரலளவு, கீழே நகத்தளவு. முன்பக்கம் அடிபட்டு நிமிர்த்திய வண்டி. அதோடு நிற்கவில்லை. இருக்கைப் பட்டையை அடிமட்டும் இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் உறவினர் வீட்டைச் சுத்தம் செய்யப் போனவன் நான். அந்த வாடையை மூக்கு மறக்கவில்லை. நீரில் மூழ்கிய வண்டியின் மின்கம்பிகள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். எங்கே, எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

மருமகன் நோட்டில் 22 என்று எழுதினான். எழுதும்போது அவன் முகம் வாடித்தான் இருந்தது.

காப்பார் பட்டறைத் தவுக்கே

வெறுங்கையோடு திரும்பும் வழியில் காப்பாரில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்குப் போனோம். தவுக்கே வயதான சீனர். தமிழ் பாதி, மலாய் பாதியாகப் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும், ஜெராமில் ஓய்வு பெற்ற ஒருவர் தம்முடைய புரோட்டோன் சத்ரியா 1.5 வண்டியைக் கொடுக்க நினைப்பதாகச் சொன்னார். சத்ரியா என்றால் மலாயில் வீரன். நம்முடைய சத்திரியன் என்ற அதே சொல்தான். மறுநாள் காலை மூவரும் போனோம். "சூடா இருந்தா பாக்காதே" என்று தவுக்கே முன்கூட்டியே சொல்லியிருந்தார். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதுதான் வண்டி உண்மை பேசும்.

அவர் பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்கு வண்டி வாங்குவதானாலும் இது உதவும். எண்ணெய் மூடியைத் திறந்து அடியில் வெண்ணெய் போல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. முடுக்கிய பின் நீலப் புகை வந்தால் இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயாவிட்டால் தண்ணீர் உள்ளே எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது பெரும்பாலும் சிறு பழுது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டும்போது சக்கரத்தில் 'டக் டக்' என்றால் முன் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. உயர்ந்த கியரில் முடுக்கும்போது இயந்திரம் மட்டும் கத்தி வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயதான டயர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்திருக்கும்.

பத்திரத்தில் உள்ள சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டேன். ஜப்பானிலிருந்து வெட்டி இறக்குமதியாகும் 'ஹாஃப்கட்' இயந்திரங்களை நம் இளைஞர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியாவிட்டால், பெயர் மாற்றத்துக்கான சோதனையில் வண்டி தேறாது. வாங்கியவன் தலையில்தான் விழும்.

சத்ரியாவின் சாயம் மங்கியிருந்தது. கூரையில் வெயில் உரித்த திட்டுகள். ஆனால் சட்டம் நேராக இருந்தது, துரு மேலோடு நின்றிருந்தது, எண் பொருந்தியது. இரண்டாம் கியர் மட்டும் சற்று முரண்டு பிடித்தது. மார்க் 74. விலை பேசி 4300 வெள்ளிக்கு முடித்தோம். அழகுக்கு நான் மார்க்கே ஒதுக்கவில்லை என்பதை மருமகன் அப்போதுதான் கவனித்தான்.

பட்டறையில் டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பு, ரேடியேட்டர் குழாய்கள், முன் பிரேக் கட்டைகள், நான்கு புது டயர்கள் மாற்றினோம். கணக்கு 2500-ஐத் தொட்டது. கடைசியில் தவுக்கே, "பிரேக் எண்ணெ மாத்தணும், சிக்கு" என்றார். நான் கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தவுக்கே" என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து தீகா வழியே

ஒரு மாதம் கழித்து, விடியற்காலை இருட்டிலேயே புறப்பட்டோம். மருமகன் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அக்காள், மடியில் அடுக்குப் பாத்திரத்தோடு. "நான் வரலேன்னா எனக்குச் சோறு எறங்காது" என்று கிளம்பிவிட்டாள்.

கிள்ளானைத் தாண்டிப் பத்து தீகா வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் காட்டினேன். 1968-இல் இங்கேதான் ஷா ஆலம் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் இங்கு நடந்தது. 2003-இல் திடலை இடித்து வீடுகள் கட்டினார்கள். இன்று அந்த வளைவுகள் இருந்த இடத்தில் துணி காய்கிறது.

நெடுஞ்சாலை தெற்கே திரும்பிப் புத்ராஜெயா பக்கம் போகும்போது அக்காள் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த நிலத்தின் கதை அவளுக்குத் தெரியும். பிராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, காலவே என்று நான்கு தோட்டங்கள் இருந்த இடம் இது. புத்ராஜெயா எழுந்தபோது அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள். தரை வீட்டுக்காக அவர்கள் காத்திருந்த ஆண்டுகள் கொஞ்சமல்ல. விமான நிலையமும் பந்தயத் திடலும் எழுந்த இந்த வட்டாரம் முழுதும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையுமாக இருந்ததுதான். "நம்மாளுங்க நடந்த மண்ணுலதான் இப்ப காடி ஓடுது" என்றாள் அக்காள். அதற்கு மேல் பேசவில்லை.

திடலில்

சிப்பாங் திடல் 1999-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை உலகப் புகழ் பெற்ற பார்முலா 1 பந்தயம் இங்கு நடந்தது. இரண்டு நீண்ட நேர்ச்சாலைகளுக்கு நடுவே, விரித்த குடைகளைப் போன்ற கூரையோடு பெரிய பார்வையாளர் மண்டபம் நிற்கிறது. தொலைக்காட்சியில் பார்த்த இடத்தில், கூரைச் சாயம் உரிந்த எங்கள் சத்ரியாவும் வரிசையில் நின்றது. பக்கத்தில் விலையுயர்ந்த வண்டிகள். ஆனால் கஞ்சிலும் மைவியும்கூட வந்திருந்ததைக் கண்டு மருமகன் தெம்பானான். 2002-இல் உற்பத்தி வண்டிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை நம் நாட்டுக் கரம்ஜிட் சிங் ஒரு புரோட்டோன் பெர்ட் வண்டியில்தான் வென்றார் என்று அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

ஓட்டுவதற்கு முன் எல்லாரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வா. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. முதல் சுற்று வண்டியைச் சூடாக்க, கடைசிச் சுற்று ஆற்ற. நிறுத்திய பின் கைப்பிரேக்கை இழுக்கக் கூடாது. கொதிக்கும் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வண்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்கூட உருளக் கூடாது. பையன் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டான். வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சாதாரணக் காப்புறுதி, திடலில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அதே வண்டியில்தான் வீடு திரும்ப வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதல் இரண்டு முறை நன்றாகவே போயிற்று. அக்காள் மண்டபத்தில் உட்கார்ந்து, வண்டி கண்ணில் படும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணினாள். மூன்றாம் முறை, உச்சி வெயில். பின்பக்க நேர்ச்சாலையின் முடிவில், கடைசி வளைவுக்கு முன் அவன் பிரேக்கை மிதித்தது மேலிருந்து தெரிந்தது. வண்டி குறைய வேண்டிய அளவு குறையவில்லை. வளைவை விட்டு அகன்று, ஓரத்தில் விட்டிருந்த வெற்றிடத்துக்குள் போயிற்று. அக்காள் எழுந்து நின்றுவிட்டாள். என் கை கால் ஓடவில்லை.

வண்டி நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, ஓரமாகவே ஊர்ந்து, வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் தானாக வந்தது. நான் ஓடினேன்.

"பெடல் பஞ்சு மாதிரி போச்சு மாமா. ரெண்டு மூணு தடவ மிதிச்சேன், கியரக் கொறச்சேன். போதும்னு வந்துட்டேன்."

நான் தள்ளிப் போட்ட அந்தப் பிரேக் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 எண்ணெய் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 155 டிகிரிக்கே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை மிதித்தால் வண்டி நிற்காது. மூடிய கிண்ணத்தைப் பார்த்து, நிறத்தை வைத்து மார்க் போட்டேன் நான். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்று அவனுக்குச் சொன்ன அதே ஆள்! அவனிடம் அங்கேயே சொன்னேன்: "தப்பு என்னோடதுப்பா." அக்காளிடமும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

அன்று அவன் மீண்டும் திடலில் இறங்கவில்லை. இன்னும் ஒரு முறை ஓட்டப் பணம் கட்டியிருந்தது. "ஆறுனதும் போலாமே" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். "இல்லண்ணே, எண்ணெ மாத்திட்டு வரேன்" என்றான். என் காதால் கேட்டேன்.

வாசகர்களே, சாலையில் அந்தப் பெடல் அப்படிப் போயிருந்தால் எதிரே லாரியோ, பள்ளிப் பேருந்தோ, நம் வீட்டுப் பிள்ளைகளோ இருந்திருப்பார்கள். திடலில் ஒரு வெற்றிடம் இருந்தது. தவறு செய்தவன் திரும்பி வர இடம் விட்டிருந்தார்கள். திடலுக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூவரும் மர நிழலில் உட்கார்ந்து அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தோம். வண்டி நன்றாக ஆறி, பெடல் இறுகிய பிறகு, இடப்பக்கமாகவே 60-இல் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாள் முதல் வேலையாகத் தவுக்கேயிடம் போய்ப் பிரேக் எண்ணெய் மாற்றினோம். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்குத் தண்டனை.

அக்காளின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சனிக்கிழமை இரவுகளில் வாசலில்தான் நிற்கிறது. அடுத்த திடல் நாளுக்கு அவன் பணம் சேர்க்கிறான். உங்கள் வீட்டிலும் வேகம் பிடித்த பிள்ளை ஒருவன் இருந்தால், அவனை அழைத்து உட்கார வைத்து, ஒரு நோட்டைக் கொடுத்து, பழைய காடி ஒன்றுக்கு மார்க் போடச் சொல்லிப் பாருங்கள். பிரேக் எண்ணெய்க்குத் தனியாக 10 மார்க் வையுங்கள். நான் இப்போது வைத்திருக்கிறேன்.